மைக்கை நீட்டும் முன்: சமுதாய வானொலிப் பேட்டிகளில் தவிர்க்க வேண்டியவை

உள்ளூர் மக்களுக்காக நடத்தப்படும் சிறிய வானொலிதான் சமுதாய வானொலி. அதற்கு வந்த புதிதில் கடல்பாசி எடுக்கும் அக்கா ஒருவரைப் பேட்டி காணப் போயிருந்தேன். மைக்கை எடுக்கும் முன்பே திண்ணையில் உட்கார்ந்து ஆசையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன். முதன்முதலாக அம்மாவோடு கடலில் இறங்கிய நாள், பாறை கிழித்த விரல், நீரோட்டம் இழுத்தபோது கத்தியது என்று எல்லாம் சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் கம்மியது. அப்புறம் பதிவை ஓடவிட்டு அதே கேள்வியைக் கேட்டேன். "அதான் அப்பவே சொன்னேன்ல தம்பி, அதேதான்" என்றார். வற்புறுத்தியதும் திரும்பச் சொன்னார். நாலே வரியில் முடிந்துவிட்டது.

நானறிய நல்ல பேட்டிகளை அதிகம் கெடுப்பது இந்தத் தவறுதான். ஒரு கதையை ஒருவர் மனதாரச் சொல்வது ஒருமுறைதான். பதிவுக்கு முன் மழை, பிள்ளைகள் படிப்பு, டீக்கடை என்று எதை வேண்டுமானாலும் பேசுங்கள். பெயரை எப்படிச் சொல்ல வேண்டும், எத்தனை வருடமாக இந்த வேலை என்று விவரங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். கதையை மட்டும் தொடாதீர்கள்.

அடுத்தது கேள்வித்தாள். எதிரே இருப்பவர் "அந்த வருசம்தான் எங்க வீட்டுக்காரரு தவறுனாரு" என்கிறார். பேட்டி எடுப்பவர் தாளைப் பார்த்தபடி "சரிங்கம்மா, சுயஉதவிக் குழுவில் எப்போது சேர்ந்தீர்கள்?" என்கிறார். கேட்டுக்கொண்டிருக்கும் நமக்கு நெஞ்சு பதறும். எனக்கு இப்போதெல்லாம் உள்ளங்கை அளவு தாளில் மூன்று கேள்வி போதும். நாலாவது கேள்வி அவர் சொல்லும் பதிலிலிருந்து வரும். அவர் பேச்சை நிறுத்தினால் உடனே அடுத்ததற்குப் பாயாமல் இரண்டு மூச்சு பொறுங்கள். சொல்லத் தயங்கியது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் வரும்.

கையால் காட்டுவதை அப்படியே விட்டுவிடுவதும் உண்டு. "பாசி இம்புட்டு நீளம் இருக்கும்" என்று அக்கா கையை விரிப்பார். வீட்டில் கேட்பவருக்கு அது தெரியாது. "எம்புட்டுக்கா, என் முழங்கை நீளம் இருக்குமா?" என்று கேட்டால் அவரே வாயால் சொல்லிவிடுவார்.

மொழி விஷயத்தில் தவறு நம் பக்கம்தான். மைக்கைக் கண்டதும் பலர் மேடைத்தமிழுக்கு மாறிவிடுகிறார்கள், நாம் அப்படிப் பேசுவதால். கொண்டல், கச்சான், சோழகம், வாடை என்று காற்றுக்கு அவர்களிடம் பெயர் இருக்கிறது. 'மேற்குக் காற்று' என்று நாம் திருத்தினால் போதும், அடுத்த முறை கச்சான் என்று சொல்லவே கூசுவார்கள். விளங்காவிட்டால் விளக்கம் கேளுங்கள்; சொல்லை மாற்ற வேண்டாம். சமுதாய வானொலிக்கான அரசு விதிகளே நிகழ்ச்சிகள் கூடுமானவரை உள்ளூர் மொழியிலும் வட்டார வழக்கிலும் இருக்க வேண்டும், குறைந்தது 50 சதவீதம் உள்ளூரிலேயே உருவாக வேண்டும் என்கின்றன.

இன்னொன்றை மிகக் கவனமாகச் சொல்ல வேண்டும். சமுதாய வானொலியின் வீச்சு பொதுவாக 10 முதல் 15 கிலோமீட்டர். அதற்குள் கேட்பவர்கள் எல்லாம் சொந்தக்காரர்கள், கடன் கொடுத்தவர்கள், ஒரே தெருக்காரர்கள். குடிக்கிற கணவனைப் பற்றியோ கந்துவட்டியைப் பற்றியோ ஒரு பெண் பேசுகிறார். பெயரை மாற்றிவிட்டோம், போதும் என்று நினைக்கிறோம். போதாது. முதல் வாக்கியத்திலேயே யார் குரல் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். அன்றிரவு அந்த வீட்டில் இருக்கப்போவது அவர்தான், நாம் அல்ல. எனவே பேசி முடித்த பிறகு பதிவைப் போட்டுக் காட்டி, எதை நீக்கலாம் என்று கேளுங்கள். மறுநாளும் ஒருமுறை கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், எவ்வளவு அருமையான பதிவாக இருந்தாலும்.

எழுத்தாளர்கள் வரும்போது தவறுகள் வேறு. புத்தகத்தைப் படிக்காமல் பின்னட்டையை வைத்து ஒப்பேற்றுவது முதலாவது. அவருக்கு இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். பிறகு எங்கும் சொல்லும் பதிலையே நமக்கும் சொல்வார். முழுதும் படிக்க நேரமில்லையா, ஓர் அத்தியாயத்தை ஆழ்ந்து படித்துவிட்டு அதைப் பற்றி மட்டும் கேளுங்கள். அவர் குரலில் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். கேட்பவர்களில் பெரும்பாலோர் அந்தப் புத்தகத்தைப் பார்த்திருக்கவே மாட்டார்கள் என்பதை மறந்து பாத்திரங்களின் பெயரை அடுக்குவதும் பரவலாக நடக்கிறது.

சமுதாய வானொலி தானாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப முடியாது. அகில இந்திய வானொலியின் செய்தியைத்தான் தரலாம். அரசியலுக்கும் இடமில்லை. பேட்டி ஓட்டுக் கேட்கும் பேச்சாக மாறினால் அங்கேயே நிறுத்துங்கள். குடிநீர், மின்தடை, புயல் எச்சரிக்கை போன்ற அறிவிப்புகளுக்குத் தடையில்லை.

கருவி விஷயம் சுருக்கமாக: மின்விசிறியை நிறுத்துங்கள். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும், அதை விருந்தினர் கையில் கொடுக்க வேண்டாம். அவர் பேசும்போது "ம்ம்" கொட்டாமல் தலையை மட்டும் ஆட்டுங்கள்.

காற்றலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1995இல். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் சமுதாய வானொலி 2004இல் வந்தது. தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி என்று 2006இல் அறிவித்த பிறகுதான் எங்களைப் போன்றவர்கள் கையில் மைக் வந்தது. இவ்வளவு காத்திருந்து கிடைத்ததை அவசரத்தில் வீணாக்கக்கூடாது என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கும்.

அக்காவின் அந்த முதல் பதிவை நாங்கள் ஒலிபரப்பவில்லை. ஒரு மாதம் கழித்து, அவர் கடலுக்குக் கிளம்பும் விடிகாலையில் கரைக்கே போனேன். எதுவும் கேட்காமல் பதிவை மட்டும் ஓடவிட்டேன். பழைய சேலையைக் கிழித்து விரல் விரலாகச் சுற்றிக்கொண்டிருந்தார். "இது எதுக்குக்கா?" என்றேன். நிகழ்ச்சி அந்தத் துணி கிழிபடும் சத்தத்தில் தொடங்கியது.