ஆலய வரலாறு எழுதுவோர்க்கு: சபை, கட்டடம், பைப் ஆர்கன்

ஓர் ஆலயத்தின் வரலாற்றை எழுத முற்படுபவர், உறுதியாகத் தெரிந்த ஆண்டுகளை மட்டும் முதலில் ஒரு தாளில் வரிசையாகக் குறித்துக்கொள்ள வேண்டும். அடிக்கல் நாட்டிய நாள், முதல் ஆராதனை நடந்த நாள், பிரதிஷ்டை நாள் ஆகியவை வெவ்வேறாக இருக்கக்கூடும் என்பதால், அவற்றை ஒன்றாகக் குழப்பிவிடாதீர்கள். ஆண்டுகளுக்கு இடையிலுள்ள இடைவெளிகளில்தான் நல்ல கேள்விகள் கிடைக்கும்.

சென்னை எழும்பூரில் ‘கிர்க்’ என்று வழங்கும் தூய அந்திரேயா ஆலயத்தை எடுத்துக்கொள்வோம். ஸ்காட்லாந்து சபையாருக்காக 1818இல் அடிக்கல் நாட்டி, 1821இல் திறந்த இந்த ஆலயத்திற்கு, இங்கிலாந்தின் ஹட்டர்ஸ்ஃபீல்டு நகரிலுள்ள பீட்டர் கோனாச்சர் நிறுவனம் செய்த பைப் ஆர்கன் (குழல்களில் காற்றைச் செலுத்தி ஒலிக்கச் செய்யும் இசைக்கருவி) 1883இல்தான் வந்தது. இந்த அறுபது ஆண்டு இடைவெளியைப் பணப் பற்றாக்குறை என்று எழுதிவிடுவது எளிது. ஆனால், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை ஸ்காட்லாந்து திருச்சபை ஆராதனையில் இசைக்கருவிகளை ஏற்கவில்லை. பாட்டுத் தலைவர் ஒருவர் எடுத்துக்கொடுக்க, சபையார் விவிலியத்தின் சங்கீதப் பாடல்களை வாயால் மட்டுமே பாடினர். ஆகவே, ஆர்கன் வந்த ஆண்டு சபையின் வழிபாடு மாறிய கதையையும் சொல்லக்கூடியது என்பதை மனத்தில் வைத்து, அக்காலத்துக் கூட்டக் குறிப்பேடுகளைத் தேடுங்கள்.

கட்டடத்தைப் பொறுத்தவரை, கண்ணுக்குத் தெரியாததையும் கேளுங்கள். கிர்க்கின் நிலம் இளகலானது என்பதால், அதைக் கட்டிய பொறியாளர் டி ஹாவிலண்டு வட்டக் கிணறுகளை இறக்கி, அவற்றின்மேல் அடித்தளம் அமைத்தார். 16 தூண்கள் தாங்கும் குவிமாடத்தை வியப்பவர்கள் அந்தக் கிணறுகளையும் அறிய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆர்கனை ஆராயும்போது, விசைப்பலகைக்கு மேலுள்ள பெயர்ப்பலகையையும், எந்தக் குழல் வரிசை ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் ஸ்டாப் குமிழ்களில் பொறித்த பெயர்களையும் அப்படியே படியெடுங்கள். பெட்டியின் உட்பலகைகளில், சுருதி சேர்த்தவர்கள் பென்சிலால் எழுதிய தேதிகள் பல ஆர்கன்களில் இருக்கின்றன. டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்தால் அவை தெரியும். ஈயமும் வெள்ளீயமும் கலந்த குழல்கள் மென்மையானவை, எளிதில் நசுங்கும். எனவே எதையும் வெளியே எடுக்காதீர்கள்.

ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் ஆலயத்தில் இல்லையென்றால், ஆங்கிலேயர் காலத்துச் சென்னை மாகாணப் பதிவுகளின் நகல்களை லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் தேடலாம். கணக்கேடுகளைக் கடைசி வரை புரட்டுங்கள். ஆர்கனுக்குக் காற்றூட்டும் மின்கருவி வருவதற்கு முன் அதன் துருத்தியைக் கையால் இயக்கியவருக்குக் கொடுத்த கூலி அங்கே பதிவாகியிருந்தால், அவர் பெயரையும் ஆர்கன் வாசித்தவரின் பெயரோடு சேர்த்து எழுதுங்கள்.