நம் தெருவில் சேவைத் துறையைக் கணக்குப் போடுவது எப்படி?

பெங்களூரு அல்சூரில், சோமேஸ்வரர் கோயில் பக்கத்துச் சந்தில் இஸ்திரிக் கடை வைத்திருக்கிறேன். பத்தாவது படிக்கும் அக்கா மகள் ஒருநாள் பாடப்புத்தகத்தோடு வந்து, "மாமா, நீங்க எந்தத் துறை?" என்று கேட்டாள். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நோட்டும் பேனாவுமாகத் தெருவுக்குக் கூட்டிப்போனேன். நீங்களும் அப்படியே கிளம்புங்கள்.

முதலில் கடைகளை விவசாயம், தொழில், சேவை என்று துறைவாரியாகப் பிரியுங்கள். சலூன், மெஸ், ஆட்டோ, டியூஷன், மளிகை எல்லாமே சேவைதான். மளிகைக்காரர் அரிசியை விளைவிக்கவில்லை, நம் கைக்குக் கொண்டுவந்து சேர்க்கிறார், அவ்வளவுதான். தடுமாற்றம் தையல்காரரிடம் வரும். புது ரவிக்கை தைத்தால், அரசின் தொழில் வகைப்பாட்டில் அது உற்பத்தி. அதே ரவிக்கையைப் பிரித்து ஆல்டர் செய்தால் சேவை. ஒரே மெஷின், ஒரே ஆள்! கட்டட வேலை சேவையில் வராது.

அப்புறம் ஒரு கடை கூட்டுகிற மதிப்பைப் போட்டுப் பாருங்கள். என் கடையில் ஒரு நாளைக்கு 120 துணி, துணிக்கு 10 ரூபாய், ஆக 1,200. இதில் வெளியில் வாங்கியதை மட்டும் கழிக்க வேண்டும்: கரி 160, வாடகை 200, நூலும் பேப்பரும் 20. மீதி 820தான் என் கடை கூட்டிய மதிப்பு. கரியின் மதிப்பு கரிக்காரர் கணக்கில் ஏற்கெனவே ஏறிவிட்டது. இங்கே கழிக்காமல் விட்டால் இரண்டு தடவை வரும். வாடகையும் கட்டட உரிமையாளர் பக்கம் சேவையாக ஏறும்.

அவள் உதவிப் பையனின் சம்பளம் 400-ஐயும் கழித்துவிட்டாள். பலர் சறுக்குவது இங்கேதான். சம்பளமும் லாபமும் சேர்ந்ததுதான் கூட்டிய மதிப்பு. சம்பளத்தைக் கழித்தால் பையன் நாள் முழுக்க நின்று தேய்த்தது கணக்கிலேயே வராது.

நாடு முழுக்க இப்படிக் கூட்டினால் பாதிக்கு மேல் சேவைத் துறையில் வருகிறது. வேலை செய்பவர்களிலோ மூன்றில் ஒருவர்கூட இதில் இல்லை. ஐ.டி. சம்பளமும் என் 820-ம் ஒரே கட்டத்தில்தான் இருக்கின்றன.

கடைசியாக, யார் வருமானம் யாரை நம்பி இருக்கிறது என்று கோடு இழுங்கள். என் மூட்டையில் பாதி ஐ.டி. ஆட்களின் சட்டை. அவர்கள் செய்யும் வேலையைக் காசு கொடுத்து வாங்குவது வெளிநாட்டில் இருக்கும் கம்பெனி என்றால், அது சேவை ஏற்றுமதி. 2020-ல் அவர்கள் வீட்டில் அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்தபோது என் பெட்டியில் கரி போடவே வேலை இல்லை.

"அம்மா சமைக்கிறது?" என்றாள். மெஸ் சாப்பாடு கணக்கில் ஏறும், வீட்டுச் சமையலுக்குப் பூஜ்யம். எழுதிக்கொண்டாள். அந்தப் பக்கத்தை மட்டும் அக்காவிடம் காட்டிவிடாதே என்று சொல்லி அனுப்பினேன்.