வால்வு ஆம்ப்பா, ட்ரான்சிஸ்டர் ஆம்ப்பா? முதலில் ஸ்பீக்கரின் முதுகைப் பாருங்கள்

போன மாதம் காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு தம்பி, கிருஷ்ணகிரியில் இருக்கும் என் வீட்டுக்கே ஆம்ப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் ஆசைப்பட்டு வாங்கிய 8 வாட் வால்வு ஆம்ப், அதாவது ட்ரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் வைத்த ஆம்ப்ளிஃபயர். "அண்ணா, சத்தமே எழும்ப மாட்டேங்குது. வால்வு வீக்கா இருக்குமோ?" என்றார். வால்வில் ஒரு கோளாறும் இல்லை. அவருடைய ஸ்பீக்கர் 84 டெசிபெல். ஜோடிதான் பொருந்தவில்லை.

அதனால் ஆம்ப்பைத் தேடும் முன் ஸ்பீக்கரைத் திருப்பி வையுங்கள்.

முதல் வேலை: டெசிபெல்

பின்பக்க லேபிளில் சென்சிட்டிவிட்டி என்று ஓர் எண் இருக்கும். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் எவ்வளவு சத்தம் என்பதுதான் அது. 3 டெசிபெல் குறைந்தால் அதே சத்தத்துக்கு இரண்டு மடங்கு வாட் வேண்டும். 94 டெசிபெல் ஸ்பீக்கர் 5 வாட்டில் தரும் சத்தத்தை 85 டெசிபெல் ஸ்பீக்கரிடம் வாங்க 40 வாட் ஆகும். மாரியம்மன் திருவிழாவில் குழாய் ஸ்பீக்கர் சின்ன ஆம்ப்பிலேயே ஊரை எழுப்புவதற்கும் இதுதான் காரணம்.

லேபிளில் 1 வாட்டுக்குப் பதில் 2.83 வோல்ட் என்று போட்டிருந்தால் கவனம். 8 ஓம் ஸ்பீக்கரில் அது 1 வாட். 4 ஓமில் 2 வாட். அப்படிப்பட்ட 4 ஓம் ஸ்பீக்கருக்கு 3 டெசிபெல் கழித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது: ஓம்

ஸ்பீக்கர் மின்சாரத்துக்குக் காட்டும் எதிர்ப்புதான் ஓம். அதுவும் லேபிளில் இருக்கும். லேபிள் கிழிந்திருந்தால் மல்டிமீட்டர் எடுங்கள். ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு, மீட்டரை 200 ஓமில் வையுங்கள். இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டால் 0.3, 0.4 என்று ஏதாவது காட்டும். அது மீட்டர் ஒயருடையது, கழித்துவிடுங்கள். பிறகு ஸ்பீக்கர் டெர்மினலில் வைத்தால் கோன் லேசாக 'டிக்' என்னும். 6 முதல் 7 வரை காட்டினால் 8 ஓம் ஸ்பீக்கர். 3, 3.5 என்றால் 4 ஓம்.

வால்வு ஆம்ப்பின் பின்னால் 4, 8 என்று தனித்தனி டெர்மினல் இருக்கும். 8 ஓம் ஸ்பீக்கரை 8-இல் மாட்டுங்கள். ட்ரான்சிஸ்டரில் இந்தப் பிரிவு பொதுவாகக் கிடையாது. ஆனால் இரண்டு 4 ஓம் ஸ்பீக்கரை ஒரே டெர்மினலில் சேர்த்து மாட்டினால் 2 ஓம் ஆகிவிடும். பல ஆம்ப்கள் சூடாகித் திணறும்.

மூன்றாவது: ஜோடி சேர்ப்பது

300பி வால்வு ஒன்றை மட்டும் வைத்த சிங்கிள் எண்ட் ஆம்ப் ஏறக்குறைய 8 வாட்தான் தரும். ஸ்பீக்கர் 93 டெசிபெலுக்குக் கீழே என்றால் அதை வாங்காதீர்கள் என்பேன். 12 அடி அறையும் 90 டெசிபெல் ஸ்பீக்கரும் இருந்தால், இஎல்84 வால்வு ஜோடி போட்ட 12, 15 வாட் புஷ்-புல் (இரண்டு வால்வும் மாறி மாறி வேலை செய்யும்) ஆம்ப் தாராளம். 86-க்குக் கீழே, அல்லது ஓம் 3 வரை இறங்கும் பெரிய உஃபர் (பாஸ், அதாவது தாழ்ந்த ஒலி, தரும் ஸ்பீக்கர்) பெட்டி என்றால் ட்ரான்சிஸ்டருக்கே போங்கள். உஃபரை இறுக்கிப் பிடிக்கும் பிடி அதற்குத்தான் அதிகம். வால்வில் பாஸ் கொஞ்சம் தளர்ந்து உருளும். சிலருக்கு அதுவே பிடிக்கிறது, எனக்கும் சில நாள்.

இரண்டும் வேண்டுமென்றால் வால்வு ப்ரீஆம்ப் (சிக்னலை முதலில் வாங்கி வால்யூமைப் பார்த்துக்கொள்வது), ட்ரான்சிஸ்டர் பவர் ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டுவது). பவர் ஆம்ப்பின் இன்புட் 47 கிலோ ஓம் இருந்தால் நல்லது. வெறும் 10 கிலோ ஓம் என்றால், ப்ரீஆம்ப்பின் அவுட்புட் வாசலில் இருக்கும் 0.47 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரோடு சேர்ந்து 34 ஹெர்ட்ஸிலேயே பாஸ் குறையும். 47-இல் அது 7 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும்.

ஆன் செய்யும் முன்

வால்வு ஆம்ப்பை ஸ்பீக்கர் மாட்டாமல் ஓட்டவே கூடாது. பொங்கலுக்கு வீடு துடைத்தபோது ஒயர் கழன்றதை நான் பார்க்கவில்லை. சத்தம் வரவில்லையே என்று வால்யூமைத் திருகித் திருகி அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரைக் கருக்கினேன். ட்ரான்சிஸ்டருக்கு எமன் வேறு: இரண்டு ஸ்பீக்கர் ஒயரும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்வது. வால்வு ஆம்ப்பின் மூடியைத் திறக்க வேண்டாம். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் தங்கும்.

சரி, பாட்டுப் போடாமல் ஆன் செய்து, கோனுக்குப் பக்கத்தில் காதை வையுங்கள். டெசிபெல் கூடிய ஸ்பீக்கரில் லேசாக 'ம்ம்ம்' என்று கேட்கலாம். நாற்காலியில் போய் உட்கார்ந்த பிறகும் கேட்டால்தான் எர்த்தைப் பார்க்க வேண்டும்.