ஸ்பானிஷுக்குப் போக இங்கிலீஷைச் சுற்றிப் போகாதீர்கள்

மாட்ரிட்டில் ஒரு பாருக்குள் போய் 'புவேதோ தெனேர் உன் கஃபே?' என்று கேட்டால் காபி வந்துவிடும். ஆனால் கேட்டது இங்கிலீஷ். 'கேன் ஐ ஹேவ்' என்பதற்கு ஸ்பானிஷ் சட்டை மாட்டிவிட்டதுதான் அது. அந்த ஊர்க்காரர் கேட்பது 'மே போனே உன் கஃபே?' என்று. 'போனேர்' என்றால் வைப்பது, போடுவது. 'ஒரு காபி போடுங்க' என்று நாம் டீக்கடையில் சொல்கிறோமே, அதேதான். கொலம்பியாவில் 'மே ரெகாலா உன் கஃபே?' என்பார்கள். எனக்கு ஒரு காபி பரிசளிக்கிறீர்களா என்று நேர்ப்பொருள். காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

நம்மில் பெரும்பாலோர் ஸ்பானிஷைக் கற்பது இங்கிலீஷ் வழியாக நடக்கும் ஆப்களிலும் வகுப்புகளிலும்தான். அதனால் தமிழனுக்கு வர வேண்டிய அவசியமே இல்லாத தவறுகள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. 'ஐ லைக்' என்பதை மனதில் வைத்து 'யோ குஸ்தோ எல் பான்' என்கிறோம். சரியானது 'மே குஸ்தா எல் பான்'. 'எனக்கு ரொட்டி பிடிக்கும்' என்ற அதே அமைப்பு. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: பிடித்த பொருள் பன்மையானால் வினையும் பன்மையாகும். ஆரஞ்சுகள் பிடிக்கும் என்றால் 'மே குஸ்தான் லாஸ் நரான்ஹாஸ்'. தமிழில் 'பிடிக்கும்' மாறாது என்பதால் இந்த இடத்தில் தமிழும் கைவிட்டுவிடும்.

இங்கிலீஷில் 'ஹாட்' என்ற ஒரே சொல் சூட்டுக்கும் காரத்துக்கும். ஸ்பானிஷில் நம்மைப் போல இரண்டு: சூடு 'கலியெந்தே', காரம் 'பிகாந்தே'. மெக்சிகோவில் சட்னியைக் காட்டி 'கலியெந்தே'யா என்று கேட்டால், இல்லை என்று உண்மையைத்தான் சொல்வார்கள். அப்புறம் கண்ணில் தண்ணீர் வரும். வெக்கையாக இருக்கிறது என்று சொல்ல நினைத்து 'எஸ்தோய் கலியெந்தே' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதற்குக் காமப் பொருள். 'தெங்கோ கலோர்' என்பதே சரி.

'பெப்பர்' குழப்பமும் இங்கிலீஷ் தந்ததுதான். மிளகு 'பிமியெந்தா', குடைமிளகாய் 'பிமியெந்தோ'. மிளகு தேடிக் கப்பலேறிய கொலம்பஸ் கூட்டம் அமெரிக்காவில் கண்டது மிளகாயை. பழைய பெயரையே கொஞ்சம் திருப்பி அதற்கு வைத்தார்கள். மிளகிலிருந்து மிளகாய் என்று நாமும் அதையேதான் செய்தோம். 'பிமெந்தோன்' என்பது ஸ்பெயினில் சிவப்பு மிளகாய்த்தூள், கொலம்பியாவில் முழுக் குடைமிளகாய். ஒரு சமையல் குறிப்பைப் பார்த்துச் சமைப்பதற்கு முன், அது எந்த ஊர்க் குறிப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சைவக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 'சின் கார்னே', அதாவது இறைச்சி வேண்டாம், என்று சொன்னால் ஸ்பெயினில் பல கடைகளில் அது ஆடு, மாடு, பன்றித் துண்டுகளை மட்டுமே குறிக்கும். சாலட்டில் டூனா மீன் இருக்கும், பருப்பில் சொரீசோ என்ற பன்றித் தொத்திறைச்சி கிடக்கும், காய்கறி மேல் 'ஹமோன்', அதாவது பன்றித் தொடைக்கறி, தூவியிருப்பார்கள். ஏமாற்ற வேண்டும் என்று யாரும் செய்வதில்லை. அங்கே அவை ருசிக்குப் போடும் பொருட்கள். மெக்சிகோவில் அரைத்துத் தாளித்த பீன்ஸில் பன்றிக்கொழுப்பும், சோற்றில் கோழிச் சாறும் இருக்கலாம். அந்தக் கொழுப்புக்கு அங்கே 'மந்தேகா' என்று பெயர். அதே 'மந்தேகா' அர்ஜென்டினாவில் வெண்ணெய். 'வெஹெத்தரியானோ' என்று சொன்னாலும் முட்டை வரும், ஏனென்றால் முட்டை அவர்கள் கணக்கில் சைவம். ஸ்பெயினில் 'தோர்த்தியா' கேட்டால் உருளைக்கிழங்கு போட்ட முட்டை அடைதான். மெக்சிகோவின் சோள ரொட்டி அங்கே வராது. ஆகவே நீட்டியே சொல்லிவிடுங்கள்: 'நோ கோமோ கார்னே, நி போயோ, நி பெஸ்காதோ, நி ஹமோன், நி உவேவோ.' இறைச்சி, கோழி, மீன், ஹாம், முட்டை எதுவும் சாப்பிட மாட்டேன். இதைச் சொல்ல வெட்கப்பட்டால் பட்டினிதான்.

பாட்டில் ஊறுகாயில் ரசாயனம் சேர்த்திருக்கிறதா என்று கேட்க 'பிரெசெர்வாதீவோ' என்று சொல்வது இன்னொரு பிரபலமான விபத்து. அது ஆணுறை. கேட்க வேண்டியது 'கொன்செர்வாந்தே'.

உணவகத்தில் 'மெனு' கேட்டாலும் குழப்பம் வரும். ஸ்பெயினில் 'மெனு' என்றால் நம்மூர் மீல்ஸ் மாதிரி மதிய நேரத்து மொத்தச் சாப்பாடு: முதல் தட்டு, இரண்டாம் தட்டு, ரொட்டி, குடிக்க ஏதாவது, இனிப்பு, எல்லாவற்றுக்கும் ஒரே விலை. என்னென்ன இருக்கிறது என்று பார்க்கும் பட்டியல் 'லா கார்த்தா'. சாப்பிட்டு முடித்ததும் கேட்க வேண்டியது 'லா குவெந்தா'. 'ஃபக்தூரா' என்று கேட்டால் ஸ்பெயினில் நிறுவனப் பெயரோடு வரி பில்; புவெனஸ் ஐரிஸ் பேக்கரியில் கேட்டால் இனிப்பு பன்கள். அந்த பன்களில் ஒன்றுக்குத் 'துறவியின் உருண்டை' என்று பெயர். அரசையும் திருச்சபையையும் கேலி செய்ய அனார்க்கிஸ்ட் பேக்கரித் தொழிலாளர்கள் வைத்த பெயர் என்று ஊரில் கதை சொல்வார்கள்.

கடையில் 'இதை எடுத்துக்கொள்கிறேன்' என்பதற்கு 'கொஹேர்' என்ற வினை ஸ்பெயினில் சாதாரணம். மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் அது கெட்ட வார்த்தை. 'மே லோ யேவோ' என்றால் எங்கும் பிரச்சினை இல்லை. ஸ்பெயினின் சந்தைக் கடைகளில் பல நேரம் வரிசையே கண்ணுக்குத் தெரியாது. ஆளாளுக்கு எங்கோ நிற்பார்கள். நுழைந்ததும் 'கியேன் எஸ் எல் ஊல்திமோ?' (கடைசி ஆள் யார்?) என்று கேட்டு அவர் முகத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவருக்கு அடுத்து நீங்கள். கேட்காமல் முன்னால் போனால் பாட்டிமார் விடமாட்டார்கள்.

மரபுத்தொடர்களில் இங்கிலீஷை அப்படியே பெயர்ப்பது மகா தப்பு. 'பீஸ் ஆஃப் கேக்' என்பதை 'பெதாசோ தே பாஸ்தெல்' என்று எழுதினால் படிப்பவர் கேக்கைத் தேடுவார். அவர்கள் சொல்வது 'பான் கொமீதோ', தின்று முடித்த ரொட்டி. நமக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. இங்கிலீஷ்காரன் விலை அதிகம் என்றால் கையையும் காலையும் கொடுப்பான். ஸ்பானிஷில் முகத்திலிருக்கும் ஒரு கண்ணைக் கொடுப்பார்கள்: 'குவெஸ்தா உன் ஓஹோ தே லா காரா'. நாம் யானை விலை, குதிரை விலை என்போம். எனக்கு மிகவும் பிடித்தவை பழமொழிகள். 'ஆ ஃபால்தா தே பான், புவேனாஸ் சோன் தோர்த்தாஸ்': ரொட்டி இல்லையென்றால் அடையும் நல்லதே. ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை! 'நல்ல துணி பெட்டிக்குள் இருந்தாலே விற்கும்' என்று ஒன்று உண்டு. நம் பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு என்பதுதான். மெக்சிகோவில் லஞ்சத்துக்கு 'மொர்தீதா', அதாவது கடி, என்று பெயர். லஞ்சம் சாப்பிட்டான் என்று சொல்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

வியாபாரக் கடிதங்களில் எண்கள்தான் ஆபத்து. இங்கிலீஷ் 'பில்லியன்' 100 கோடி. ஸ்பானிஷ் 'பியோன்' 1 லட்சம் கோடி. 100 கோடியை அவர்கள் 'மில் மியோனேஸ்' என்பார்கள். ஸ்பெயினில் ஆயிரத்துக்குப் புள்ளி, தசமத்துக்குக் காற்புள்ளி. மெக்சிகோவில் நம்மைப் போலவே. ஸ்பெயின் வாடகை ஒப்பந்தத்தில் 1.500 யூரோ என்று இருப்பதை ஒன்றரை யூரோ என்று நீங்கள் நினைக்க மாட்டீர்கள். ஆனால் அதைக் காப்பி செய்து உங்கள் எக்செல்லில் ஒட்டினால், அது அப்படித்தான் நினைக்கும்.