ரேஸ் ஃபார் த கேலக்ஸி: எக்ஸ்பான்ஷன் வாங்கும்போது சறுக்கும் இடங்கள்

ஒரு கார்டு ஆட்டம் பிடித்துவிட்டால் அடுத்த வாரமே அதன் எக்ஸ்பான்ஷனுக்கு, அதாவது அதோடு சேர்த்து ஆடும் கூடுதல் பெட்டிக்கு, விலை பார்க்க ஆரம்பித்துவிடுவோம். டாம் லேமன் உருவாக்கி 2007-இல் ரியோ கிராண்ட் கேம்ஸ் வெளியிட்ட ரேஸ் ஃபார் த கேலக்ஸி விஷயத்தில் இந்த அவசரம் கொஞ்சம் அதிகமாகவே கையைக் கடிக்கும். காரணம், இதற்கு ஐந்து பெரிய எக்ஸ்பான்ஷன்கள் இருக்கின்றன. கடையில் அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்தால் எல்லாம் ஒரே வரிசைபோலத் தெரியும். அப்படியில்லை.

முதல் தவறு, அடிப்படைப் பெட்டி பழகுவதற்கு முன்பே வாங்குவது. இந்த ஆட்டத்தில் எழுத்தைவிடக் குறியீடுகள் அதிகம். முதல் சில ஆட்டங்கள் கார்டின் ஓரத்தில் இருக்கும் வட்டமும் அறுகோணமும் என்ன சொல்கின்றன என்று புரிந்துகொள்வதிலேயே போய்விடும். அந்த நேரத்தில் தோற்பவர்கள் பெரும்பாலும் ஒரே புகாரைச் சொல்வார்கள்: "எனக்கு நல்ல கார்டே வரல." சரி, வராதது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் எல்லோரும் ஒரு கட்டத்தை (கார்டு எடுக்கும் எக்ஸ்ப்ளோர், கிரகம் இறக்கும் செட்டில் என்பதுபோல ஐந்தில் ஒன்றை) ரகசியமாகத் தேர்ந்தெடுக்கிறார்கள்; தேர்ந்தெடுக்கப்பட்ட கட்டங்கள் மட்டுமே எல்லோருக்கும் நடக்கின்றன. எதிரில் இருப்பவர் செட்டில் எடுப்பார் என்று ஊகிக்க முடிந்தால் நான் அதை எடுக்க வேண்டியதில்லை. அவர் தேர்வாலேயே என் கிரகத்தையும் இறக்கிவிட்டு, என் தேர்வை எக்ஸ்ப்ளோருக்கு வைத்துக்கொள்ளலாம். அதைத் தேர்ந்தெடுத்தவர் ஏழு கார்டைப் பார்த்து ஒன்றை வைத்துக்கொள்ளலாம், அல்லது மூன்றைப் பார்த்து இரண்டை வைத்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு இரண்டைப் பார்த்து ஒன்றுதான். நல்ல கார்டு வராததற்கு மருந்து இந்த ஊகத்தில் இருக்கிறது. புதுப் பெட்டி வாங்கினால் கூடப்போவது குறியீடுகள்தான்.

இரண்டாவது தவறுதான் பணத்தை நேராகத் தண்ணீரில் போடுவது: எல்லாப் பெட்டியையும் ஒன்றாகக் கலக்கலாம் என்று நினைப்பது. த கேதரிங் ஸ்டார்ம் (2008), ரெபெல் வெர்சஸ் இம்பீரியம் (2009), த பிரிங்க் ஆஃப் வார் (2010) மூன்றும் ஒரு கிளை. ஒன்றன் மேல் ஒன்றாக, இந்த வரிசையில் வாங்கும்படி அமைந்தவை. ஏலியன் ஆர்ட்டிஃபாக்ட்ஸ் (2013) தனிக் கிளை. ஸீனோ இன்வேஷன் (2015) இன்னொரு தனிக் கிளை. பின்னால் வந்த இரண்டும் அடிப்படைப் பெட்டியோடு மட்டுமே சேரும். முதல் மூன்றோடும் சேராது, ஒன்றோடொன்றும் சேராது. "சலுகையில் கிடைக்குது" என்று பிரிங்க் ஆஃப் வாரை மட்டும் தனியாக வாங்கிக்கொண்டு வருபவர்கள் அதை அலமாரியில்தான் வைக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது எனக்கு மிக முக்கியமாகப் படுவது. முதல் கிளையின் மூன்று பெட்டியையும் ஒரே நாளில் பிரித்து, ஆடும் கார்டுக் கட்டோடு கலந்துவிடுவது. கேதரிங் ஸ்டார்ம் சேர்க்கும் கார்டுகள் குறைவு, ஏறக்குறைய இருபது. கட்டு அவ்வளவாக மாறாது. மற்ற இரண்டும் சேரும்போது கட்டு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும். இதனால் என்ன என்று கேட்கலாம். ஏர்த்ஸ் லாஸ்ட் காலனியில் ஆட்டத்தைத் தொடங்குகிறீர்கள் என்று வையுங்கள். அது நீல நிறப் பொருளை உற்பத்தி செய்யும் கிரகம். அதற்குத் தோதாகக் கன்ஸ்யூமர் மார்க்கெட்ஸ் வரவேண்டும், கடைசியில் ஃப்ரீ ட்ரேட் அசோசியேஷனை இறக்கினால் நீலக் கிரகங்களுக்கெல்லாம் புள்ளி. இவை கார்டுக் கட்டில் ஒன்றிரண்டு பிரதிதான் உண்டு. யாராவது தன் முன்னால் 12 கார்டை இறக்கியதும் ஆட்டம் முடியும் என்பதால் கட்டு முழுதும் புரளும்வரை காத்திருக்க நேரமில்லை. கட்டு இரட்டிப்பானால் அந்த இரண்டு கார்டும் கண்ணில் படும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும். திட்டம் போட்டு ஆடுவதைவிட, வருவதை வைத்துச் சமாளிப்பது கூடும். சிலருக்கு அதுவே பிடிக்கும். எனக்கு ஒரு பெட்டியோடு நிறுத்திக்கொள்வதுதான் பிடிக்கும்.

அந்த ஒரு பெட்டி கேதரிங் ஸ்டார்ம். அதில் பெரிய சரக்கு கார்டுகள் அல்ல, இலக்குகள். ஒவ்வொரு ஆட்டத்திலும் சில இலக்குத் துண்டுகள் நடுவில் விரிக்கப்படும். முதலில் எட்டுபவருக்கு 3 புள்ளி தரும் வகை ஒன்று. "யாரிடம் அதிகம்" என்று கைமாறிக்கொண்டே இருந்து கடைசியில் வைத்திருப்பவருக்கு 5 புள்ளி தரும் வகை இன்னொன்று. "எல்லாரும் அவரவர் மூலையில் தனியா ஆடுற மாதிரி இருக்கு" என்ற பழைய குறைக்கு இது சரியான பதில். அடுத்தவர் மேசையைத் தலை நிமிர்த்திப் பார்க்க வைத்துவிடுகிறது. அதோடு பகடை உருட்டி நடத்தும் ரோபோவை எதிர்த்துத் தனியாக ஆடும் வழியும் உண்டு. இம்ப்ரூவ்ட் லாஜிஸ்டிக்ஸ் என்று ஒரு கார்டும் இதில்தான் வருகிறது. செட்டில் கட்டத்தில் இன்னொரு கிரகத்தையும் இறக்க விடும். ராணுவ வழியில் போகிறவர் கையில் அது சீக்கிரமே கிடைத்தால் மற்றவர்களுக்குக் கஷ்டகாலம்தான். இதைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

எல்லோரும் தனித்தனியாக ஆடும் அந்தப் பழைய குறையைத் தீர்க்க நேராக ரெபெல் வெர்சஸ் இம்பீரியத்துக்குத் தாவுவது இன்னொரு தவறு. பெயரைப் பார்த்தால் சண்டை பிரமாதமாக இருக்கும் என்று தோன்றும். அடுத்தவரின் கிரகத்தைக் கைப்பற்றும் விதி இருக்கிறதுதான். ஆனால் அதற்கென்று சில கார்டுகள் உங்களிடம் இருக்க வேண்டும், எதிரியிடம் பொருந்தும் ராணுவக் கிரகம் இருக்க வேண்டும், உங்கள் பலமும் போதுமானதாக இருக்க வேண்டும். பல ஆட்டங்களில் அது நடக்கவே நடக்காது. அந்த விதியே விருப்பத்தேர்வுதான். பல குழுக்கள் அதை ஒதுக்கிவிட்டுக் கார்டுகளை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. ஏலியன் ஆர்ட்டிஃபாக்ட்ஸிலும் ஸீனோ இன்வேஷனிலும் இதே கதை. முன்னதில் வரும் கோளத்துக்குள் துழாவும் ஆட்டத்தையோ பின்னதில் வரும் ஸீனோ படையெடுப்பையோ விட்டுவிட்டு, புதுக் கார்டுகளை மட்டும் கலக்கி ஆடலாம். விதி வேண்டாம், கார்டு மட்டும் போதும் என்பவர்களுக்கு அந்த இரண்டில் ஒன்று முதல் கிளையைவிடத் தோதாக இருக்கும்.

ஆள் கணக்குக்காக வாங்குவதும் யோசிக்க வேண்டியது. அடிப்படைப் பெட்டியில் 4 பேர் வரை ஆடலாம். கேதரிங் ஸ்டார்ம் ஐந்தாவது ஆளையும், ரெபெல் வெர்சஸ் இம்பீரியம் ஆறாவது ஆளையும் சேர்க்கின்றன. ஆனால் ஆறு பேர் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலான சுற்றில் ஐந்து கட்டமும் வந்துவிடும். யார் எதை எடுப்பார் என்ற ஊகத்துக்கு வேலையே இல்லாமல் போகிறது. ஆட்டத்தின் உயிர் அங்கேதான். என்னைக் கேட்டால், ஆறு பேர் கூடும் வீட்டுக்கு வேறு ஆட்டம் வாங்குவது மேல்.

எதையும் வாங்குவதற்கு முன் திரையில் ஆடிப் பார்க்கலாம். கெல்டன் ஜோன்ஸ் எழுதிய இலவசக் கணினி நிரல் நல்ல பலமான எதிராளி. டெம்பிள் கேட்ஸ் கேம்ஸ் 2017-இல் கொண்டுவந்த செயலியும் அதே செயற்கை நுண்ணறிவை வைத்துத்தான் ஆடுகிறது. செயலியில் எக்ஸ்பான்ஷன்களைத் தனித்தனியாக வாங்கலாம். பெட்டியின் விலையோடும், வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் செலவோடும் ஒப்பிட்டால் சொற்பம். ஆனால் கணினி குறியீடுகளையெல்லாம் தானே கணக்குப் பார்த்துவிடும். அதனால் அங்கே எளிதாகத் தெரியும் பிரிங்க் ஆஃப் வார், மேசையில் இறங்கியதும் அதில் வரும் மதிப்புப் புள்ளிகளை (பிரெஸ்டீஜ்) கையால் கணக்கு வைப்பதில் இழுத்தடிக்கும். அதையும் சேர்த்து எடை போடுங்கள்.

பழைய அச்சு அடிப்படைப் பெட்டி வைத்திருந்து புது அச்சு எக்ஸ்பான்ஷன் வாங்கினால் பின்பக்க நிறம் லேசாக வேறுபடலாம். இந்த ஆட்டத்தில் கிரகத்தின் மேல் வைக்கும் பொருளும் கவிழ்த்த கார்டுதான், கட்டின் மேல் கார்டும் எப்போதும் கண்முன் இருக்கும். அடுத்து வருவது புதுக் கார்டா என்று தெரிந்துவிட்டால் சுவாரசியம் போச்சு. பின்பக்கம் ஒளி ஊடுருவாத உறை போட்டால் தீர்ந்தது. 63க்கு 88 மில்லிமீட்டர் அளவு. முழுக் கட்டுக்கும் ஒரே நேரத்தில், ஒரே வகையில் வாங்குங்கள்.