எஸ்எஸ்டி மாட்டியும் லேப்டாப் இழுத்தது, காரணம் பயாஸில் இருந்தது

பழைய லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு சாட்டா எஸ்எஸ்டி (சாட்டா இணைப்பில் மாட்டும், சுழலும் தட்டு இல்லாத வேகமான டிரைவ்) போட்டேன். பழைய டிஸ்க்கிலிருந்து அப்படியே நகலெடுத்த (குளோன் செய்த) விண்டோஸ் 10 ஒழுங்காகவே பூட் ஆனது. ஆனால் நாலு டேப் திறந்தாலே மவுஸ் உறைந்து நிற்கும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100% என்று காட்டும்; வேகமோ நொடிக்கு 2, 3 எம்பிதான். டிரைவ் ஓடாமல் அதற்கான வேலைகளின் வரிசை மட்டும் நீள்கிறது என்று அப்போதே சந்தேகம் வந்தது.

பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பு மெனு) சாட்டா மோடு, அதாவது லேப்டாப் டிரைவோடு பேசும் முறை, ஐடிஇ என்ற பழைய வகையில் இருந்தது. அதில் கட்டளைகள் ஒவ்வொன்றாகத்தான் டிரைவுக்குப் போகும். ஏஎச்சிஐ என்ற புதிய முறை என்றால் 32 கட்டளைகள் வரை சேர்ந்து வரிசையில் நிற்கலாம். எஸ்எஸ்டியின் பலமே அங்கேதான் தெரியும்.

சட்டென்று மாற்றிவிடாதீர்கள், நீலத் திரையில் போய் நின்றுவிடும் வாய்ப்பு அதிகம். முதலில் பேக்கப். பிட்லாக்கர் (டிரைவைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) இருந்தால் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள். எம்எஸ்கான்ஃபிக் (msconfig) என்ற விண்டோஸ் அமைப்புக் கருவியில் சேஃப் பூட்டை டிக் செய்து ரீஸ்டார்ட் கொடுத்து, அப்படியே பயாஸுக்குள் போய் ஏஎச்சிஐ ஆக்குங்கள். சேஃப் மோடில் (குறைந்தபட்ச டிரைவர்களோடு மட்டும் பூட் ஆகும் நிலை) விண்டோஸ் உரிய டிரைவரைத் தானே ஏற்றிக்கொள்ளும். அப்புறம் டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட்.

எனக்கு இதிலேயே சரியாகிவிட்டது. சில மாடல்களின் பயாஸில் இந்த மெனுவே இருக்காது. அப்படிப்பட்ட மாடல் வைத்திருப்பவர்கள் எஸ்எஸ்டியின் ஃபர்ம்வேரை (டிரைவுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) அப்டேட் செய்து பார்க்கலாம்.