ஆஸ்பத்திரி பையில எல்லாம் இருந்துச்சு, ஃபைல் மட்டும் இல்ல

போன வாரம் எங்க அக்கா மக வீடியோ கால்ல வந்து "சித்தி, பேக் ரெடி, பாக்கீங்களா"ன்னு ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டுனா. சக்கரம் வச்ச ட்ராலி ரெண்டு, ஜிகினா வச்ச ஃப்ராக் அஞ்சு (என்ன குழந்தைன்னே தெரியாது, அதுக்குள்ள ஃப்ராக்), பவுடர் டப்பா, ஃபீடிங் பாட்டில், டிஸ்சார்ஜ் அன்னைக்கு போட்டோ எடுக்க ஒரு பட்டுச் சுடிதார். பாக்க பாக்க எனக்கு பத்து வருஷத்துக்கு முந்தி நான் கட்டுன பைதான் ஞாபகம் வந்துச்சு, அச்சு அசல் அதே பைத்தியக்காரத்தனம். எனக்கு ரெண்டு பிரசவம், அது போக எங்க மைனிக்கும் தங்கச்சிக்கும் அட்டெண்டரா கூட இருந்திருக்கேன், அதனால இப்ப சொந்தத்துல யாருக்கு எட்டு மாசம் ஆனாலும் லிஸ்ட் கேட்டு எனக்குத்தான் போன் வருது. சார்ஜரை மறக்காதீங்க, டயப்பர் எடுங்கங்கிறதெல்லாம் நான் சொல்லப்போறதில்ல, அது எல்லாருக்கும் தெரியும். மறந்தாலும் ஆஸ்பத்திரி வாசல்லயே மெடிக்கல் ஷாப் இருக்கு.

ட்ராலி

வீட்டுல விட்டுட்டுப் போங்க.

சும்மா சொல்லல, கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு சின்ன அலமாரி, கட்டிலுக்கு அடியில கொஞ்சம் இடம், அவ்வளவுதான் உங்களுக்கு. அங்க ட்ராலியை படுக்கப் போட்டு ஜிப்பைத் திறந்தா நர்ஸம்மா நடக்க வழி இருக்காது. ஜவுளிக்கடைல குடுக்கிற கட்டப்பை ரெண்டு போதும், ஒண்ணு அம்மாவுக்கு, ஒண்ணு பிள்ளைக்கு. லேபர் வார்டுக்குள்ள கொண்டு போறதுக்குன்னு தனியா ஒரு சின்ன துணிப்பை, அதுல ஒரு நைட்டி, பேட் பாக்கெட், பிள்ளையைத் தொடைக்கவும் சுத்தவும் துணி நாலு, தண்ணி பாட்டில். உள்ள இருந்து நர்ஸ் "துணி குடுங்க"ன்னு கையை நீட்டும்போது முழுப் பையையும் கொட்டித் தேடிட்டு இருக்கக் கூடாது.

நகை

வளைகாப்புக்குப் போட்ட கண்ணாடி வளையலை கழட்ட மனசு வராது, தெரியும். ஆனா ட்ரிப்ஸ் ஏத்த கை வேணும்ல. மெட்டி அதைவிட மோசம், கடைசி மாசத்துல கால் வீங்கிருக்கும், நடு ராத்திரி சோப்பு போட்டு உருவிட்டு இருப்பாங்க, அதனால வீக்கம் வர்றதுக்கு முன்னாடியே கழட்டிருங்க. மூக்குத்தியும் அப்படித்தான். தாலிச் செயினுக்குப் பதிலா மஞ்சக்கயிறு கட்டிக்கிட்டா ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும்போது யார் கையில குடுக்கிறதுன்னு பதட்டம் கிடையாது. நகப்பாலிஷையும் எடுத்திருங்க, விரல்ல ஆக்சிஜன் பாக்குற கிளிப்பு மாட்டுவாங்க, அடர் கலர்ல பூசியிருந்தா சரியா காட்டாது.

ஃபைல்

இதுக்குத்தான் இவ்வளவு நேரம் இழுத்தேன். இதை எழுதும்போதே கோவம் வருது, யார் மேலன்னு கேட்டா முதல்ல என் மேலதான்.

நம்ம ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கல்யாணம் ஆகி ஒரு ஊர்ல இருப்போம், ஏழெட்டு மாசம் வரைக்கும் அங்கதான் டாக்டர், அப்புறம் வளைகாப்பு முடிஞ்சதும் அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்க, பிரசவம் அங்க. ஆள் போகும், வளையல் போகும், அஞ்சு வகை சாதம் டப்பால போகும். ஃபைல் போகாது. நான் சென்னையில இருந்து நெல்லை எக்ஸ்பிரஸ்ல ஏறும்போது என் ஃபைல் வீட்டுல ஃப்ரிட்ஜுக்கு மேல இருந்துச்சு. ஊருக்கு வந்து புது டாக்டரைப் பாத்தப்போ அவங்க "பழைய ரிப்போர்ட் எல்லாம் கொண்டு வாங்க"ன்னு ரெண்டு தடவை சொன்னாங்க, எங்க அம்மா "அடுத்த வாட்டி மாப்பிள்ளை வரும்போது எடுத்துட்டு வருவாரு, ஃபைல் என்ன ஓடியா போயிரும்"னாங்க, நானும் தலையாட்டுனேன்.

37 வாரத்துல, ராத்திரி ஒண்ணரை மணிக்குப் பனிக்குடம் உடைஞ்சுருச்சு.

ஆஸ்பத்திரில டியூட்டி டாக்டர் கேட்ட முதல் வார்த்தையே "ஃபைல் எங்க". கையில இருந்தது அந்த ஊர் டாக்டர் எழுதுன ஒத்தைச் சீட்டு. சரின்னு எல்லா ரத்த டெஸ்டையும் முதல்ல இருந்து எடுத்தாங்க, எச்ஐவி, மஞ்சக்காமாலை, ஹீமோகுளோபின், ரத்த குரூப். இங்கதான் விஷயம், என் குரூப் ஓ நெகட்டிவ், வீட்டுக்காரருக்கு பாசிட்டிவ். அம்மா நெகட்டிவ்வா இருந்து பிள்ளை பாசிட்டிவ்வா இருந்தா, பிள்ளையோட ரத்தம் அம்மா ரத்தத்துல கலக்கும்போது அம்மா உடம்பு அதுக்கு எதிரா ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் பொருள் செஞ்சுக்கலாம், முதல் பிள்ளைக்குப் பெருசா ஒண்ணும் ஆகாது, அடுத்த பிள்ளை பாசிட்டிவ்வா வந்துச்சுன்னா அதோட ரத்த அணுக்களை அந்த ஆன்டிபாடி அழிக்கும். அதைத் தடுக்கத்தான் 28வது வாரத்துல ஆன்டி-டி ஊசி ஒண்ணு, பிரசவம் ஆகி பிள்ளை பாசிட்டிவ்னு தெரிஞ்சா 72 மணி நேரத்துக்குள்ள இன்னொண்ணு. முதல் ஊசியை நான் சென்னையில போட்டுட்டேன். போட்டதுக்கு அத்தாட்சி ஃப்ரிட்ஜுக்கு மேல.

விடியக்காலை நாலு மணிக்கு லேப்ல இருந்து ஐசிடி டெஸ்ட் பாசிட்டிவ்னு வந்துச்சு, அதாவது என் ரத்தத்துல ஏற்கெனவே ஆன்டிபாடி இருக்குன்னு அர்த்தம். டாக்டர் முகம் மாறிருச்சு. "முன்னாடி அபார்ஷன் ஏதும் ஆச்சாம்மா"ன்னு கேக்குறாங்க, எங்க அம்மா என்னைப் பாக்குறாங்க, ஆச்சி அம்மாவைப் பாக்குறாங்க. இல்ல டாக்டர்னு சொன்னா "ஊசி ஏதாவது போட்டீங்களா"ன்னாங்க. போட்டேன். என்ன ஊசி, என்னைக்கு, எத்தனை மைக்ரோகிராம்? ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு வலி வந்துட்டு இருக்கு, டிடி ஊசி எது, இரும்புச்சத்து ஊசி எது, இது எதுன்னு எனக்கு எப்படித் தெரியும், இடுப்புல போட்டாங்கன்னு மட்டும் சொன்னேன்.

அந்த ஆன்டி-டி ஊசியே ஆன்டிபாடிதான், போட்டு சில வாரத்துக்கு ரத்தத்துல சுத்திட்டு இருக்கும், அதனால டெஸ்ட்ல லேசா பாசிட்டிவ் காட்டலாம். இது ஊசியோட வேலையா இல்ல நிஜமாவே என் உடம்பு செஞ்ச ஆன்டிபாடியான்னு பிரிச்சுப் பாக்க ஊசி போட்ட தேதி வேணும். இதுல இன்னொரு ஆபத்து, நிஜ ஆன்டிபாடிதான்னு முடிவு கட்டிட்டா அப்புறம் ஊசியால பிரயோஜனம் இல்லன்னு பிரசவத்துக்குப் பிறகு போட வேண்டியதைப் போடாம விட்டிருவாங்க, அப்ப என் ரெண்டாவது பிள்ளை கதி? அதுக்கு நடுவுல ஓ நெகட்டிவ் ரத்தம் ஏற்பாடு பண்ணி வைங்கன்னு சொல்லி என் தம்பி பைக்கை எடுத்துட்டு ஊரெல்லாம் சுத்துறான்.

சரி, வீட்டுக்காரருக்குப் போன் பண்ணி ஃபைலைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லலாம்னா, வலி வந்துருச்சுன்னு கேட்டதுமே அந்த மனுஷன் போட்ட சட்டையோட கிளம்பி பஸ் ஏறிட்டாரு. பாசம்தான், இல்லங்கல. ஆனா ஃப்ரிட்ஜைத் தாண்டித்தான வாசலுக்குப் போயிருப்பாரு! கடைசில ஆறு மணிக்கு மேல, ஸ்பேர் சாவி வச்சிருந்த பக்கத்து வீட்டு அக்காவை எழுப்பி, அவங்க பூட்டைத் திறந்து பக்கம் பக்கமா வாட்ஸ்அப்ல அனுப்புனாங்க. அதுல 300 மைக்ரோகிராம், தேதி, மருந்து பாட்டில் ஸ்டிக்கர் எல்லாம் தெளிவா இருந்துச்சு. டாக்டர் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டுச்சு. பில்லுல டெஸ்டுக்கு மட்டும் எட்டாயிரத்துச் சொச்சம், காசைக்கூட விடுங்க, அந்த ரெண்டு மணி நேரத்துக்கு யார் பதில் சொல்றது.

அதனால, ஊர் மாறும்போது ஃபைல் உங்க மடியில வரணும், லக்கேஜ்ல இல்ல. ஒவ்வொரு செக்கப் முடிஞ்சதும் அன்னைக்கு எழுதுன பக்கத்தைப் போட்டோ எடுத்து மூணு பேர் போன்ல போட்டு வைங்க, உங்க போன்ல மட்டும் இருந்தா அது லாக் ஆகி உங்க கைரேகைக்காகக் காத்துட்டு இருக்கும். ஃபைலுக்கு முன்னாடி ஒரே ஒரு வெள்ளைத்தாள், அதுல ரத்த குரூப், கடைசி மாதவிலக்குத் தேதி, ஸ்கேன்ல குடுத்த பிரசவத் தேதி, போட்ட ஊசிகளும் தேதியும், தினம் போடுற மாத்திரை (தைராய்டு, பிரஷர், சுகர் எதுவா இருந்தாலும்), ஒத்துக்காத மருந்து, முன்னாடி நடந்த ஆபரேஷன், பழைய டாக்டர் நம்பர்.

அதே தாள்ல பின்பக்கம் இன்னொரு வேலை இருக்கு. பிறப்புப் பதிவுக்கு அப்பா அம்மா பேர், விலாசம் எல்லாம் ஆஸ்பத்திரில எழுதி வாங்குவாங்க, அதை உங்க ஆதார்ல இருக்கிற ஸ்பெல்லிங்ல, இனிஷியலோட, இங்கிலீஷ் பெரிய எழுத்துல முன்கூட்டியே எழுதி வச்சிருங்க. எங்க வீட்டுல ராத்திரி பூரா பஸ்ல வந்த மனுஷன் தூக்கக் கலக்கத்துல வாயால சொல்ல, அவங்க காதுல விழுந்ததை எழுத, சர்டிபிகேட்ல என் பேர்ல ஒரு எழுத்து கூடுதலா வந்து அதைத் திருத்த ஆபீஸுக்கு நடந்த கதை தனி. 2023 அக்டோபர் 1ல இருந்து பிறந்த பிள்ளைங்களுக்கு ஸ்கூல், பாஸ்போர்ட், ஆதார்னு எதுக்குப் போனாலும் பிறப்புச் சான்றிதழ்தான் அடிப்படை, அதனால அந்த ஒரு எழுத்துக்கு இப்ப இன்னும் மதிப்பு கூடிருச்சு. பிள்ளைக்குப் பேர் முடிவாகலன்னா கவலை வேண்டாம், பிறப்பை 21 நாளைக்குள்ள பதிஞ்சுட்டு பேரை ஒரு வருஷத்துக்குள்ள கட்டணம் இல்லாம சேத்துக்கலாம்.

பிக்மி நம்பர்னு ஒண்ணு, கர்ப்பத்தை அரசுகிட்ட பதிஞ்சா குடுக்கிறது, ஆர்சிஹெச் ஐடின்னும் சொல்றாங்க, அந்த 12 இலக்க நம்பரையும் மேலயே எழுதுங்க. பிரைவேட்ல தான் பாக்குறோம், நமக்கு எதுக்குன்னு நினைக்கிறவங்க இன்னும் இருக்காங்க. தமிழ்நாட்டுல எங்க பிரசவம் பாத்தாலும் பிறப்புச் சான்றிதழுக்கு அது வேணும், இன்னும் வாங்கலன்னா நாளைக்கே ஏரியா செவிலியரைப் போய்ப் பாருங்க.

புதுத்துணி

பிள்ளைக்கு முதல்ல பழைய வேட்டித்துணிதான் போடணும்னு ஆச்சி சொன்னப்போ நான் சிரிச்சேன். பல தடவை துவைச்ச பருத்தி எவ்வளவு மெத்துன்னு இருக்கும்னு பிள்ளையைச் சுத்துனப்பதான் புரிஞ்சுச்சு. கிழிச்ச வேட்டித்துண்டு பத்துப் பன்னெண்டு, வெந்நீர்ல அலசி வெயில்ல காயப்போட்டு எடுத்துக்கங்க. புது டிரஸ் வாங்கியிருந்தா துவைக்காமப் போடாதீங்க, ஜிகினாவை தொட்டில் போடும்போது பாத்துக்கலாம்.

உங்களுக்கு முன்னாடி ஜிப் வச்ச நைட்டி, அடர் கலர்ல, நாலு. நாடா கட்டுற பாவாடை, சுடிதார் பேண்ட் எதுவும் வேண்டாம், சிசேரியன் ஆனா நாடா சரியா தையல் மேலயே உக்காரும். எங்க தங்கச்சி டிஸ்சார்ஜ் அன்னைக்கு போட்டோவுக்காகச் சுடிதார் போட்டு, கார்ல ஏறுறதுக்குள்ள அழுதுட்டா.

ஃபீடிங் பாட்டில்

பையில இருந்து எடுத்து வீட்டுலயே வச்சிருங்க.

தேன், சேனை, சீனித்தண்ணி

வேண்டவே வேண்டாம். பெரியவங்க ஆசைக்கு ஒரு சொட்டுன்னு யாராவது மடியில ஒளிச்சு வச்சுக் கொண்டு வருவாங்க, எங்க ஆச்சியே கொண்டு வந்தாங்க. ஒரு வயசுக்குள்ள தேன் குடுத்தா அதுல இருக்கிற கிருமி குடல்ல வளர்ந்து விஷமாகிற ஆபத்து இருக்கு. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள்ள சீம்பால் போதும், கொஞ்சமா மஞ்சளா வரும், அதைப் பாத்து பால் பத்தலன்னு பயப்படாதீங்க, பிள்ளை வயிறும் அன்னைக்கு அவ்வளவுதான்.

பவுடர், மை

அதுவும் வேண்டாம்.

கவர்மெண்ட் ஆஸ்பத்திரின்னா

மைனிக்கு அங்கதான் பாத்தோம், நல்லா பாத்தாங்க. பிள்ளைக்கு டவல், சோப்பு, எண்ணெய், கொசுவலைன்னு மொத்தமா வாங்கிக் குவிக்காதீங்க, 2015ல இருந்து குடுக்கிற பரிசுப் பெட்டகத்துல 16 பொருள் வரும், அம்மாவுக்குச் சுண்டி லேகியம் உட்பட. அதுக்குப் பதிலா பக்கெட், மக்கு, தட்டு, டம்ளர், பிளாஸ்க், அட்டெண்டருக்கு ஒரு பாய். பேங்க் பாஸ்புக் ஜெராக்ஸும் ஆதார் ஜெராக்ஸும் ஃபைல்லயே வைங்க, மகப்பேறு நிதியுதவிக்குக் கேப்பாங்க. வீட்டுக்குத் திரும்ப வண்டிக்கு 102.

நீங்களே அடுக்குறது

பையைக் கட்டுறது நீங்க, திறக்கப்போறது நீங்க இல்ல. முதல் பிரசவத்துல நான் அழகா மடிச்சு மடிச்சு வச்சதுல எது எங்க இருக்குன்னு எனக்கு மட்டும்தான் தெரியும், நான் லேபர் வார்டுக்குள்ள. பேட் கேட்டா வீட்டுக்காரர் பிள்ளை டயப்பரை நீட்டுறாரு, அவரைக் குத்தம் சொல்லி என்ன பண்ண, ரெண்டும் வெள்ளையா பொட்டலமா இருக்கு. ரெண்டாவது தடவை உள்ள தெரியுற பிளாஸ்டிக் கவர்ல தனித்தனியா போட்டு, மேல மார்க்கர்ல "பிறந்ததும் பிள்ளைக்கு", "அம்மாவுக்கு பேட்", "மாத்து நைட்டி"ன்னு எழுதி, கூட வரப்போற அம்மாவையும் அவரையும் உக்கார வச்சு அவங்க கையாலயே அடுக்க வச்சேன். 36வது வாரத்துக்குள்ள இதை முடிச்சு வாசல் பக்கத்துல வச்சிருங்க.

இதெல்லாம் அக்கா மககிட்ட சொல்லி, ட்ராலியைக் காலி பண்ண வச்சு, நேத்து மறுபடி போன் பண்ணி "ஃபைல் எங்க இருக்கு"ன்னு கேட்டேன். மதுரையில மாமியார் வீட்டு பீரோல பத்திரமா இருக்காம். சாவி மாமியார் இடுப்புல, மாமியார் ராமேஸ்வரத்துல.